விழுந்துபோன ஆர்

ஞாயிற்றுக்கிழமை மாலை தங்கை மகன் போன் செய்தான். வங்கித் தேர்வுக்குப் படிக்கிறான். கணக்கில் புலி, ஆங்கிலத்தில்தான் சறுக்குகிறான். பயிற்சி வகுப்பில் யாரோ ஒரு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: சொற்களை அகர வரிசையில் படிக்காதே, ஒரே எழுத்துக் கூட்டம் வரும் சொற்களை ஒன்றாகக் கட்டிப் படி, மறக்காது. அந்த வாரத்துக் கட்டு ஓ-யூ-ஜி-எச்.

“பெரியம்மா, இந்த நாலு எழுத்தும் சேர்ந்து வருகிற மாதிரி நீளமான சொல் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம்” என்றான். என்னைச் சோதிக்கிறானாம்.

“ஒரு தடவை வந்தால் போதுமா, இரண்டு தடவை வர வேண்டுமா?”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“லஃப்பரா என்று இங்கிலாந்தில் ஓர் ஊர் இருக்கிறது. எழுதிக்கொள். எல்-ஓ-யூ-ஜி-எச்-பி-ஓ-ஆர்-ஓ-யூ-ஜி-எச். 12 எழுத்து. முதலில் வரும் ஓ-யூ-ஜி-எச்சுக்கு ‘அஃப்’ என்று ஒலி, பின்னால் வருவதற்கு வெறும் ‘அ’.”

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று நான் என்றைக்கும் சொல்லிக்கொண்டதில்லை. எனக்குத் தெரிந்தது ஆங்கில எழுத்துகள். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு, 1981-ல், பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் அச்சுக்கோர்க்கச் சேர்ந்தேன். தமிழ் மேட்டர் கோர்க்கப் பெண்கள் ஆறு பேர் இருந்தோம். ஆங்கிலத்துக்கு ஒரே ஒரு பெரியவர். அவருக்குக் கண்ணில் புரை விழுந்ததும், ஆங்கில ஈய எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைத்திருக்கும் கேஸ் என்னிடம் வந்தது. வாரக் கூலியில் ஐந்து ரூபாய் கூடியது. பொருள் தெரியாமலேயே பள்ளி மலர், திருச்சபைப் பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை, கல்லூரி வினாத்தாள் எல்லாவற்றையும் கோர்த்திருக்கிறேன். லஃப்பராவும் அப்படி வந்ததுதான். தேவாலய மணிகளைப் பற்றி ஒரு கட்டுரை. லண்டன் செயின்ட் பால்ஸ் பேராலயத்தின் பெரிய மணியை 1881-ல் அந்த ஊரில்தான் வார்த்தார்கள் என்று அதில் இருந்தது. மணி எனக்கு ஒரு பொருட்டில்லை. ஒரே சொல்லுக்குள் என் கை அந்த ஓட்டத்தை இரண்டு தடவை ஓடியது, அதுதான் மனத்தில் நின்றது.

அந்த ஓட்டம் எப்படி என்று சொல்கிறேன். ஆங்கிலக் கேஸில் எழுத்துகள் ஏ, பி, சி என்று வரிசையாக இருக்காது. அதிகம் புழங்கும் எழுத்துக்குப் பெரிய அறை, கைக்கு எட்டுகிற இடத்தில். எங்கள் கேஸில் ஓ நடு வரிசையில், சற்று வலப்பக்கம். யூ கீழ் வரிசையில் இடப்பக்கம். ஜி மேல் வரிசையின் வலது கோடி. எச் மறுபடி நடுவில். இடது கையில் ஸ்டிக் இருக்கும், எடுத்த எழுத்துகளை வரியாக அடுக்கும் சிறு தட்டு, அதன் கட்டைவிரல் கடைசியாக வைத்த எழுத்தைச் சாயாமல் பிடித்திருக்கும். வலது கை நடுவில் தொடங்கி, இடப்பக்கம் கீழே இறங்கி, வலது கோடிக்கு மேலே ஏறி, நடுவுக்கே திரும்பும். சிக்குக் கோலத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வருகிற மாதிரிதான். கண் அடுத்த சொல்லுக்குப் போய்விடும், கை இதைத் தானாக முடித்துக்கொண்டு வரும். அந்தக் கேஸை விட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவன் போனில் ஓ-யூ-ஜி-எச் என்று சொன்னபோது என் விரல்கள் புடவை மடிப்பின் மேல் அந்தச் சுற்றைச் சுற்றிவிட்டு வந்து நின்றன.

இந்தக் கூட்டத்தில் தொல்லை கொடுப்பது யூ. ஈய எழுத்து ஸ்டிக்கில் தலைகீழாக நிற்கும். ஆங்கில ‘என்’ தலைகீழாக நின்றால் யூ மாதிரி இருக்கும், யூ நின்றால் ‘என்’ மாதிரி இருக்கும். அச்சாகி முடிந்த பக்கத்தைக் கலைத்து எழுத்துகளை அறை அறையாகத் திரும்பப் போடும்போது, புதிதாக வந்த பெண்கள் ‘என்’னைக் கொண்டுபோய் யூ அறையில் போட்டுவிடுவார்கள். அடுத்த நாள் கை கண்ணைக் கேட்காமல் எடுத்து வைக்கும். பிழை பார்க்க எடுக்கும் புரூபில் ஓ-யூ-ஜி-எச் இருக்க வேண்டிய இடத்தில் ஓ-என்-ஜி-எச் என்று வந்து நிற்கும்.

பொருள் தெரியாதவளுக்கு இந்தச் சொற்களுக்குள் ஓர் எழுத்துதான் வித்தியாசம். டி-எச்-ஓ-யூ-ஜி-எச் என்றால் ‘தோ’, இருந்தாலும். நடுவே ஓர் ஆர் போட்டால் ‘த்ரூ’, ஊடாக. அந்த ஆருக்கு முன்னால் ஓர் ஓ போட்டால் ‘தரா’, அரைகுறையாக விடாமல் முழுவதுமாக. ‘தோ’வில் முதல் எச்சை எடுத்துவிட்டால் ‘டஃப்’, கடினம். ‘த்ரூ’வில் முதல் எச்சை எடுத்தால் ‘ட்ராஃப்’, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டி. அதன் தலையில் இருக்கிற டியையும் எடுத்தால் ‘ரஃப்’, சொரசொரப்பு. ‘தோ’வின் வாலில் ஒரு டியை ஒட்டினால் ‘தாட்’, எண்ணம். மரக்கிளைக்கு ‘பவ்’, அதன் வாலில் டி ஒட்டினால் ‘பாட்’, வாங்கினான். அதற்குள் ஓர் ஆர் நுழைந்தால் ‘ப்ராட்’, கொண்டுவந்தான். இந்தக் கடைசி ஆரை மறந்துவிடாதீர்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

மருமகனாக இருந்தால் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருப்பான். இவன் மகன், சலித்துக்கொண்டான். “நாலே எழுத்துக்கு இத்தனை ஒலியா?” இன்னும் இருக்கிறது என்றேன். விக்கலுக்கு ‘ஹிக்கப்’, அதை ஓ-யூ-ஜி-எச் போட்டும் எழுதுவார்கள், ஆனால் வாசிப்பது ‘ப்’ என்றுதான். இருமலுக்கு ‘காஃப்’ என்று இருக்கிறதே, விக்கலும் அதன் பங்காளியாகத்தான் இருக்கும் என்று யாரோ பிற்காலத்தில் நினைத்துக்கொண்டு எழுத்தை மாற்றிவிட்ட வேலை அது. அயர்லாந்தில் ஏரிக்கு இதே எழுத்துகளைப் போட்டு ‘லாக்’ என்கிறார்கள். எஸ்-எல் என்று தொடங்கும் ஒரு சொல் இருக்கிறது, அது இன்னும் மோசம். ‘ஸ்லவ்’ என்று வாசித்தால் சேறு. ‘ஸ்லஃப்’ என்று வாசித்தால் பாம்பு உரித்துப் போட்ட சட்டை. எழுத்தில் ஒரு புள்ளி வேறுபாடு கிடையாது.

நீளமான சொற்கள் வேண்டும் என்றானே, அவற்றுக்கு வந்தோம். ‘தாட்லெஸ்னெஸ்’, 15 எழுத்து. அடுத்தவர் மனம் புண்படுமே என்று நினைத்துப் பார்க்காமல் நடந்துகொள்வது. எனக்கு அதன் பொருளைவிட, ஒரே சொல்லுக்கு நாலு எஸ் வேண்டியிருக்கும் என்பதுதான் நினைவு. ‘ஓவர்ராட்’ என்றால் மனம் கொதித்து நிலைகொள்ளாமல் இருப்பது. அதில் உள்ள ‘ராட்’ என்பது ‘வொர்க்’ என்ற சொல்லின் பழைய இறந்தகாலம். ஜன்னல் கம்பிக்கு ‘ராட் அயன்’ என்கிறோமே, அடித்து வேலை செய்த இரும்பு, அதே சொல்தான். ‘ஆஃப்டர்தாட்’ எல்லாம் முடிந்த பிறகு தோன்றுவது. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு பாயசம் நினைவுக்கு வருகிற மாதிரி.

‘தராஃபேர்’ என்ற சொல்லை நான் நிறையக் கோர்த்திருக்கிறேன். பொதுவழி. ‘நோ தராஃபேர்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கமாகப் போய் வெளியேற முடியாது என்று பொருள். ‘த்ரூ’வும் ‘தரா’வும் ஒரு காலத்தில் ஒரே சொல்லாம். அழுத்திச் சொன்னபோது ஓர் அசை கூடி ‘தரா’ ஆகித் தனிக் குடித்தனம் போய்விட்டது. ஊடாகப் போவது, ஒரு வேலையின் ஊடாகக் கடைசிவரை போவது, ஆகவே முழுமை. இதை மட்டும் அவன் “நன்றாக இருக்கிறதே” என்றான்.

‘ஃபர்லோ’ என்ற சொல் பாளையங்கோட்டைக்காரர்களில் பழைய ஆட்களுக்குத் தெரியும். வெளிநாட்டு மிஷனரிமார் சில வருட ஊழியத்துக்குப் பிறகு சொந்த நாட்டுக்கு விடுப்பில் போவார்கள். திருச்சபைப் பத்திரிகையின் பழைய கட்டுகளைப் புரட்டினால், இன்னார் ‘ஆன் ஃபர்லோ’ என்று இருக்கும். கோர்க்கச் சேர்ந்த புதிதில் அதை ஏதோ வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் வருகிற நோய் என்று நினைத்திருந்தேன். 2020-ல் கொரோனா முடக்கத்தின்போது இங்கிலாந்தில் லட்சக்கணக்கானவர்களை ‘ஃபர்லோ’வில் வீட்டில் உட்கார வைத்தார்கள் என்று செய்தி வந்ததும்தான் அந்த மிஷனரிமார் நினைவு திரும்ப வந்தது.

“இப்படி ஒரு எழுத்துக் கூட்டத்தை எவன் கண்டுபிடித்தான்?” என்று கேட்டான். அதில் எங்கள் தொழில்காரர்களுக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டேன். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொற்கள் பலவற்றில் உண்மையாகவே ஓர் ஒலி இருந்தது. தொண்டையைச் செருமும்போது உரசிக்கொண்டு வருகிற காற்று. ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏரியை ‘லாஹ்’ என்று சொல்லும்போது இன்றைக்கும் அது கேட்கும். அந்த ஒலிக்காகத்தான் ஜியையும் எச்சையும் சேர்த்து எழுதினார்கள். பிறகு வாய் மாறியது. ‘தோ’, ‘த்ரூ’, ‘பவ்’ ஆகியவற்றில் அந்த ஒலி அடையாளமில்லாமல் கரைந்துபோயிற்று. ‘டஃப்’, ‘ரஃப்’, ‘இனஃப்’ ஆகியவற்றில் தொண்டையிலிருந்து உதட்டுக்கு வந்து ‘ஃப்’ ஆயிற்று. இதற்கிடையில் 1476-ல் வில்லியம் கேக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தைத் தொடங்கிவிட்டார். அவருக்குப் பிறகு வந்த அச்சுக்காரர்கள் பழகிய எழுத்தையே திரும்பத் திரும்பக் கோர்த்தார்கள். ஈயம் உறைந்துவிட்டது, நாக்கு உறையவில்லை.

இந்த இடத்தில் தமிழ்க் கேஸைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதில் ஆய்தத்துக்கு ஓர் அறை உண்டு. ஓரத்தில், தூசி படிந்து கிடக்கும். ‘அஃது’, ‘எஃகு’, ஒரு திருக்குறள் மேற்கோள், அவ்வளவுதான் அதற்கு வேலை. பிறகு ஆஃபீஸ், காஃபி, ஃபோன் என்று எழுத ஆரம்பித்தார்கள். அந்த அறை அடிக்கடி காலியாகத் தொடங்கியது. தொண்டைக் காற்றுக்கென்று இருந்த முப்பாற்புள்ளி, பகரத்துக்கு முன்னால் நின்று உதட்டு ஒலியைக் காட்டப் போய்விட்டது. ஆங்கிலத்தில் ஒலியே இடம் பெயர்ந்தது, நம்மிடம் எழுத்துக்கு வேறு வேலை கொடுத்தோம். இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ‘இனஃப்’ என்று தமிழில் எழுதும்போது, அவர்களுடைய செத்துப்போன தொண்டை ஒலி உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் நம்முடைய ஆய்தம் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். எனக்கு அதில் ஒரு சின்னச் சந்தோஷம். அவனுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

அமெரிக்காவில் இதை ஒழித்துவிடலாம் என்று பார்த்தார்கள். 1906-ல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 300 சொற்களின் எழுத்தைச் சுருக்கி அரசு அச்சகத்துக்கு உத்தரவு போட்டார். ‘த்ரூ’ டி-எச்-ஆர்-யூ ஆயிற்று, ‘தோ’ டி-எச்-ஓ ஆயிற்று. பத்திரிகைகள் கேலி செய்தன, நாடாளுமன்றம் ஏற்கவில்லை, அந்த ஆண்டு முடிவதற்குள் அவரே பின்வாங்கிவிட்டார். ‘சிகாகோ டிரிப்யூன்’ நாளிதழ் 1934-ல் தனியாகத் தொடங்கி, இந்த இரண்டையும் 1975 வரை விடாமல் அச்சடித்தது. ‘த்ரூ’ ஒன்றில் மட்டும் ஏழுக்கு நாலு. ஒரு பக்கத்துக்குப் பத்து ‘த்ரூ’ வந்தால் முப்பது எழுத்து மிச்சம்! எடுத்து வைப்பதில் முப்பது, பிரித்துப் போடுவதில் முப்பது. அந்த ஊர் அச்சுக்கோர்ப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

மரபுத்தொடர்களுக்கு வந்தபோது அவன் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டான், நான் வாய்ப்பாடாகச் சொன்னேன். ‘த்ரூ திக் அண்ட் தின்’: அடர்ந்த காடானாலும் வெட்டவெளியானாலும் கூடவே வருவது, நம் வாழ்விலும் தாழ்விலும். ‘எ டஃப் நட் டு க்ராக்’: எளிதில் மசியாத ஆள், எளிதில் பிடிபடாத கணக்கு. ‘ரஃப் டைமண்ட்’: பேச்சு கரடுமுரடாக இருக்கும், மனம் தங்கம். ‘ஃபால் த்ரூ’: பேசி முடித்த காரியம் கைகூடாமல் போவது. ‘சீ த்ரூ’வுக்கு இரண்டு பொருள், தேர்வில் அங்கேதான் கவிழ்ப்பார்கள்: ஒரு வேலையைக் கடைசிவரை நின்று முடிப்பது ஒன்று, ஒருவனுடைய வேஷத்தை ஊடுருவிப் பார்த்துவிடுவது மற்றொன்று. ‘காஃப் அப்’: மனமில்லாமல் பணத்தை எடுத்து வைப்பது. இதற்கு விளக்கமே வேண்டாம். வட்டிக்கடைக்காரர் வாசலில் வந்து நின்றால் கக்கத்தான் வேண்டும் என்று நாமும் சொல்கிறோம். அவர்கள் இருமுகிறார்கள், நாம் கக்குகிறோம்.

கலப்பைக்கும் இதே எழுத்துதான், ‘ப்ளவ்’. கலப்பையில் கை வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று லூக்கா சுவிசேஷத்தில் வருகிற வசனத்திலிருந்து பிறந்தது ஒரு தொடர்: கலப்பையில் கை வைப்பது என்றால் ஒரு வேலையில் துணிந்து இறங்குவது. உழுகிறவன் திரும்பிப் பார்த்தால் சால் கோணும் என்பது வயல் பார்த்த யாருக்கும் தெரியும். “சால் என்றால் என்ன, பெரியம்மா?” என்று கேட்டான். ஏர் உழுத கோடு என்று தொடங்கி, ஆங்கிலம் படிக்க வந்தவனுக்கு அரைமணி நேரம் தமிழ் சொல்லிக் கொடுத்தேன்.

கடைசியாக ஒன்று சொன்னேன்: ‘ப்ராட் டு புக்’. செய்த தவறுக்குக் கணக்குக் கேட்டு நிறுத்தி வைப்பது. இதற்கு எடுத்துக்காட்டு சொல்லுங்கள் என்றான். பிறகு சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். ஏனென்றால் எடுத்துக்காட்டு நானேதான்.

1984. ஒரு பள்ளியின் வெள்ளி விழா மலர். 500 பிரதி. தாளாளரைப் பற்றி ஒரு பழைய மாணவர் ஆங்கிலத்தில் உருகி எழுதியிருந்தார். பள்ளிக்கு அங்கீகாரம் கிடைக்காமல் இழுத்துக்கொண்டிருந்த காலத்தில், தாளாளர் தாமே போய் இன்ஸ்பெக்டரைத் தம்முடைய காரில் அழைத்து வந்து பள்ளியைக் காட்டினாராம். ‘ஹி ப்ராட் ஓவர் தி இன்ஸ்பெக்டர் இன் ஹிஸ் ஓன் கார்’ என்பது வாக்கியம். புரூபில் ‘ப்ராட்’டின் யூ இருக்க வேண்டிய இடத்தில் வழக்கம்போல ‘என்’ நின்றது. ஃபோர்மேன் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்தார்.

இரவு எட்டு மணி. பக்கம் கட்டி முடித்து நூல் சுற்றியிருந்தது. நூலை அவிழ்த்து, இடுக்கியால் அந்த ‘என்’னைக் கிள்ளப் போனேன், பக்கத்தில் இருந்த எழுத்துகளும் சேர்ந்து சாய்ந்துவிட்டன. சாய்ந்தவற்றை எடுத்துத் திரும்ப நிறுத்தினேன். வரி கொஞ்சம் தளர்வாக இருந்தது. யூவும் ‘என்’னும் ஒரே பருமன்தானே, ஏன் தளர்கிறது என்று ஒரு கணம் நின்றிருக்க வேண்டும். கடைசி பஸ் ஒன்பதுக்கு. சொற்களுக்கு நடுவே மெல்லிய ஈயத் துண்டு ஒன்றைச் சொருகி இறுக்கி, நூலைச் சுற்றி, டிரெடில் அச்சு இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டேன். மறுநாள் காலை கேஸுக்கு அடியில் பெருக்கும்போது ஓர் ஆர் கிடைத்தது. அதன் அறையில் போட்டேன். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

‘ப்ராட்’டில் ஆர் விழுந்தால் ‘பாட்’. ‘பாட் ஓவர்’ என்றால் விலைக்கு வாங்கினார். தாளாளர் இன்ஸ்பெக்டரை விலைக்கு வாங்கினார், அதுவும் தம்முடைய சொந்தக் காரில் வைத்து.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் கட்டுகள் பள்ளிக்குப் போயின. ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தன, கூடவே தாளாளரும் வந்தார். அவர் சத்தம் போடவில்லை. மலரை விரித்து அந்த வரியில் விரலை வைத்து என் முதலாளியிடம் காட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். முதலாளி ஃபோர்மேனைப் பார்த்தார், ஃபோர்மேன் என்னைப் பார்த்தார். எனக்கு ‘பாட்’, ‘ப்ராட்’ இரண்டுக்கும் பொருள் தெரிந்தது அந்த நிமிடத்தில்தான்.

திரும்ப அச்சடிக்கக் காகிதமும் இல்லை, நேரமும் இல்லை. மெல்லிய நிப்புப் பேனா ஒன்றை வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார்கள். பிக்கும் ஓவுக்கும் இடையில் நூலிழை இடம். அதற்குள் கறுப்பு மையில் ஆர் போட வேண்டும். கை நடுங்கினால் அது ஐ ஆகிவிடும். அன்று இரவும் மறுநாளும் போட்டேன். இருநூறுக்கு மேல் போனபோது தமிழ் கேஸ் பெண்கள் இருவர் கேட்காமலே வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கட்டை இழுத்துக்கொண்டார்கள்.

499 பிரதி பள்ளிக்குப் போயிற்று. ஒன்றை நான் திருத்தாமல் பைக்குள் வைத்துக்கொண்டேன். அது இன்னும் பீரோவில் இருக்கிறது. ஞாயிறு இரவு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பி, ‘இதில் ஒரு பிழை இருக்கிறது, கண்டுபிடி’ என்று மட்டும் எழுதினேன்.

அரைமணி நேரம் கழித்துப் பதில் வந்தது. ‘எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, பெரியம்மா. அங்கீகாரம் வாங்குவதற்கு இன்ஸ்பெக்டரை விலைக்கு வாங்கியிருக்கிறார். பிழை எங்கே?’